கமக்காரரும் காசோலைப் புத்தகமும்

நெற்செய்கையிலும் தோட்டச் செய்கையிலும் பணம் வருங்காலம் வேறு. செலவாகுங் காலம் வேறு. காலபோக நெல் மாசி, பங்குனி மாதங்களில் ஒருங்கே விற்பனையாகின்றது. உழவுக்கூலி, விதைநெல், பசளை, களைநாசினி, அறுவடை இயந்திர வாடகை என்பனவோ பல மாதங்களிற் பிரிந்து பிரிந்து வருகின்றன. முற்காலத்தில் இப்பணம் பெட்டகத்திற் கிடந்தது. இன்று பெரும்பாலான கமக்காரரிடம் சேமிப்புக் கணக்கொன்றேனும் உண்டு. 2016ஆம் ஆண்டில் பசளை மானியம் பணமாக வழங்கப்பட்டபோது அது வங்கிக் கணக்குகளிலே வைப்பிடப்பட்டமையால், அதுவரை வங்கி வாயிலை மிதியாதோரும் கணக்குத் திறக்க நேர்ந்தது. ஆயினும், காசோலை எழுதத்தக்க நடைமுறைக் கணக்கு இதனின்றும் வேறானது. அதனைத் திறத்தல் எளிது. ஒழுங்காக நடத்துவதிலேயே பலர் தவறுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் வன்னிப் பகுதியில் யான் கடமையாற்றியபோது கண்ட ஒன்றை இங்கு கூறுதல் பொருத்தமாகும். மூன்று ஏக்கர் நெல்லும் அரை ஏக்கர் வெங்காயமுஞ் செய்த கமக்காரர் ஒருவர், கார்த்திகை மாத முற்பகுதியில் தமது நடைமுறைக் கணக்கில் 42,000 ரூபா வைத்திருந்தார். உழவியந்திரக்காரருக்கு 18,000 ரூபாவுக்குக் காசோலை கொடுத்தார். புரட்டாதியில் விற்ற வெங்காயத்திற்கு வியாபாரி கொடுத்த 35,000 ரூபாக் காசோலையை வெள்ளிக்கிழமை பிற்பகல் தமது கணக்கிலே இட்டார். மறுநாட் காலை ஏ.ரி.எம். இயந்திரத்திற் பார்த்தபோது இரு தொகைகளுஞ் சேர்ந்தே தோன்றின. அதனை நம்பிப் பசளைக் கடைக்கு 30,000 ரூபாவுக்குக் காசோலை எழுதிப் பாதிப் பைகளை அன்றே ஏற்றினார். மீதியைச் செவ்வாய்க்கிழமை எடுப்பதாகக் கூறி வந்தார்.

திங்கட்கிழமை வெங்காய வியாபாரியின் காசோலை பணமின்றித் திரும்பிற்று. அன்றே உழவியந்திரக்காரரின் 18,000 ரூபாவும் கழிந்தது. எனவே செவ்வாய்க்கிழமை பசளைக் கடைக்காரரின் காசோலை வந்தபோது கணக்கில் எஞ்சியிருந்தது 24,000 ரூபா மாத்திரமே. 30,000 ரூபாக் காசோலைக்கு 24,000 ரூபாவை வங்கி கொடுப்பதில்லை. முழுவதுங் கொடுக்கும், அன்றேல் முழுவதையும் மறுக்கும். காசோலை மறுக்கப்பட்டது. அதற்கென வங்கி அறவிட்ட கட்டணமும் கணக்கிற் குறைந்தது. கடைக்காரர் மீதிப் பைகளைக் கொடுக்க மறுத்ததோடு, இனிமேற் காசுக்கன்றி வியாபாரமில்லை என்றுங் கூறிவிட்டார். விதைத்து நான்காங் கிழமையில் இடவேண்டிய யூரியா ஆறாங் கிழமையிலேயே வயலுக்குப் போயிற்று. அதுவும் மனைவியின் சங்கிலியை அடகு வைத்த பின்னர். யான் வயலுக்குச் சென்றபோது பயிர் வெளிறி நின்றது. “தம்பி, இயந்திரத்திற் பார்த்தபோது காசு இருந்ததே” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் பொய் கூறவில்லை. வெங்காய வியாபாரியும் மோசக்காரரல்லர். அவருக்கு வெளியூர்ச் சந்தையிற் கிடைத்த காசோலையொன்று திரும்பியதாகப் பின்னர் அறிந்தேன். கணக்கில் எழுதப்பட்ட பணம் வேறு, கைக்கு வந்த பணம் வேறு என்பதை அவருக்கு ஒருவருஞ் சொல்லியிருக்கவில்லை. அதுவே குறை.

நடைமுறைக் கணக்கு யாருக்கு வேண்டும்?

எல்லாக் கமக்காரருக்கும் இது வேண்டியதில்லை. சந்தைக்குக் கத்தரியும் மிளகாயுங் கொண்டு சென்று அன்றன்று காசு பெற்று, அன்றன்று செலவு செய்வோருக்குச் சேமிப்புக் கணக்கும் அதற்குரிய வங்கி அட்டையும் போதும். நடைமுறைக் கணக்கில் உள்ள பணத்திற்கு வங்கிகள் பொதுவாக வட்டி கொடுப்பதில்லை, கட்டணமே அறவிடும். ஆகையால் மரியாதைக்காகக் காசோலைப் புத்தகம் வைத்திருத்தல் வீண் செலவாகும். நெல்லைப் பெருந்தொகையாக விற்போர், பசளை விற்பனையாளருக்கும் இயந்திரக்காரருக்கும் இலட்சக்கணக்கிற் கொடுக்க வேண்டியோர், அவ்வளவு பணத்தை மடியிற் கட்டிக்கொண்டு பஸ்சிற் செல்ல அஞ்சுவோர் ஆகியோருக்கே இது பயன்படும். அவர்களும் நடைமுறைக் கணக்கோடு ஒரு சேமிப்புக் கணக்கையும் வைத்து, உடனே தேவைப்படாத பணத்தைச் சேமிப்பிலேயே விடுதல் நன்று.

இக்காலத்தில் தொலைபேசி மூலம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் மாற்றுதல் பரவி வருகின்றமையால், காசோலையின் தேவை குறைந்துள்ளது என்பதும் உண்மையே. எனினும் கிராமத்து நெல் வியாபாரத்திற் காசோலை இன்னும் வழக்கொழியவில்லை. தாம் எழுதாவிடினும் பிறர் எழுதியதை வாங்க நேரும். ஆதலின் அதன் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும்.

கணக்குத் திறத்தல்

1939இல் தொடங்கிய இலங்கை வங்கியும் 1961இல் தொடங்கிய மக்கள் வங்கியும் நாடெங்குங் கிளைகள் உடையன. ஏனைய வர்த்தக வங்கிகளும் பட்டினங்களில் உள. எவ்வங்கி சிறந்தது என்று கேட்போருக்கு யான் கூறும் விடை: உமது வீட்டிலிருந்து ஒரே பஸ்சிற் சென்று, அரை நாளுக்குட் திரும்பத்தக்க கிளையே சிறந்தது. தூரத்து வங்கியிற் கணக்கு வைத்திருப்பவர், கணக்கைப் பார்ப்பதற்குச் சோம்புவர்.

தேசிய அடையாள அட்டை, வதிவிடத்தைக் காட்டும் மின்சாரப் பட்டியல் அல்லது கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சிப் பத்திரம், முதல் வைப்புப் பணம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுதல் வேண்டும். முதல் வைப்பின் அளவும் மாதக் கட்டணமும் வங்கிக்கு வங்கி வேறுபடும்; கையொப்பமிடுமுன் இவற்றைக் கேட்டுக் கொப்பியிற் குறித்துக்கொள்ளுக. காசோலை திரும்பினால் எவ்வளவு அறவிடப்படும் என்பதையுங் கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படுவோர் பலர். ஏற்கெனவே நடைமுறைக் கணக்குள்ள ஒருவர் அறிமுகஞ் செய்தல் வேண்டும் எனச் சில கிளைகள் கேட்கும். என்ன தொழில், ஆண்டில் எவ்வளவு பணம் வரும், எங்கிருந்து வரும் என்றும் வினவுவர். இது சட்டப்படி வங்கி கேட்கவேண்டிய கேள்வி. இறைக்காக வருமான வரிக்காரர் வந்துவிடுவரோ என அஞ்சிக் குறைத்துக் கூறுதல் வேண்டாம். செய்கைக்காணியின் அளவையும் போகத்தையும் உள்ளபடி கூறுக.

மாதிரிக் கையொப்பம் இடும்போது அவதானம் வேண்டும். வங்கியில் ஆங்கிலத்திற் கையொப்பமிட்டு, பின்னர் வயற்கரையிற் தமிழிற் கையொப்பமிட்டுக் காசோலை கொடுத்த ஒருவரின் காசோலை, கணக்கிற் பணமிருந்தும் திரும்பிற்று. நாள்தோறும் எவ்வாறு எழுதுகின்றீரோ அவ்வாறே மாதிரியையும் இடுக.

கணவனும் மனைவியுங் கூட்டாகத் திறந்து, இருவரில் எவரேனுங் கையொப்பமிடலாம் என எழுதிக் கொடுப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு உகந்தது. தனியொருவரின் கணக்காயின், அவர் இறந்த செய்தி வங்கிக்கு எட்டியதும் அவர் எழுதிய காசோலைகளுக்குப் பணங் கொடுக்கப்படமாட்டாது; கணக்கிலுள்ள பணத்தைப் பெறுவதற்கும் உரித்தாளர் நெடுநாள் அலைய நேரும். அறுவடைக் காலத்தில் அவ்வாறு நேர்ந்தால் அறுவடைக் கூலிக்கே கடன் வாங்க வேண்டிவரும். கமக்கார அமைப்பின் பணத்தை எக்காரணங்கொண்டும் சொந்தக் கணக்கில் இடுதல் ஆகாது. ஒரு கிழமைக்கு மாத்திரம் என்று தொடங்குவதே பின்னர்ப் பகையாக முடிகின்றது.

காசோலை எழுதும் முறை

திகதி, பெறுபவரின் பெயர், எழுத்தில் தொகை, இலக்கத்தில் தொகை, கையொப்பம் என்னும் ஐந்தும் பிழையின்றி அமைதல் வேண்டும். எழுத்தும் இலக்கமும் வேறுபட்டாற் காசோலை திரும்பும். தொகையை இடப்பக்கக் கரையிலிருந்தே எழுதத் தொடங்குக. “எட்டாயிரம்” என நடுவில் எழுதி, முன்னே வெற்றிடம் விட்டால் “இருபத்து” என்ற ஒரு சொல்லை மற்றொருவர் அதில் இட்டு, இலக்கத்தின் முன் 2ஐயும் இட்டு, 8,000 ரூபாவை 28,000 ரூபாவாக்கிவிடலாம். தொகையின் முடிவில் “மட்டும்” என எழுதி, எஞ்சிய இடத்திற் கோடிடுக. பிழை ஏற்பட்டால் வெட்டித் திருத்த முயலாது அவ்விதழில் “இரத்து” என எழுதிப் புத்தகத்திலேயே வைத்து, வேறொன்றை எழுதுக. ஓரிதழின் விலை சொற்பமே.

இலங்கையில் 2006ஆம் ஆண்டு முதல் வங்கிகளுக்கிடையே காசோலையின் படமே அனுப்பப்படுகின்றது. கடதாசி பயணஞ் செய்வதில்லை. ஆகையால் தெளிவான கறுப்பு அல்லது நீல மையினால் எழுதுக. கீழ்ப்புறத்தில் உள்ள வெள்ளைப் பட்டியில், இலக்கங்கள் அச்சிடப்பட்ட இடத்தில், எதனையும் எழுதவோ முத்திரையிடவோ கூடாது. மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்தலும் ஆகாது.

இடப்பக்க மேல் மூலையில் இரு சரிவுக் கோடுகள் இட்டாற் காசோலை குறுக்குக் கோடிட்டதாகும். அதனை வங்கிக் கருமபீடத்திற் காசாக்க முடியாது. ஒரு கணக்கிலேயே இடல் வேண்டும். கோடுகளுக்கிடையே “பெறுபவர் கணக்கிற்கு மட்டும்” என எழுதி, “அல்லது கொண்டுவருபவருக்கு” என்னும் அச்சிட்ட சொற்களை வெட்டிவிட்டாற் பாதுகாப்பு மிகும். இவ்வாறு செய்யாத காசோலை வழியிற் தொலைந்தால் எடுத்தவர் எவராயினும் காசாக்கிக்கொள்ளல் கூடும். கூலியாளுக்கு உடனே காசு வேண்டுமாயின் மாத்திரமே கோடிடாது கொடுக்கலாம். எனது எண்ணப்படி கூலிக்குக் காசே ஏற்றது. கூலியாளை அரைநாள் வங்கியில் நிறுத்தி வைத்தல் நியாயமன்று.

கையொப்பமிட்ட வெற்றுக் காசோலை

இதனைச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. பசளை, நாசினி, விதை முதலியவற்றைக் கடனாகக் கொடுப்போருட் சிலர், தொகையுந் திகதியும் எழுதாத காசோலையொன்றைக் கையொப்பத்துடன் பிணையாகக் கேட்கின்றனர். கமக்காரரும் “நம்பிக்கைக்குத்தானே” எனக் கொடுத்துவிடுகின்றனர். தொகை எழுதாது கையொப்பமிட்டுக் கொடுத்த இதழ், பெற்றவர் அதனை நிரப்பிக்கொள்ளலாம் என்ற அதிகாரத்தைக் கொடுத்ததாகவே முதற்பார்வையிற் கொள்ளப்படும். பின்னர் “யான் ஒத்துக்கொண்டது இத்தொகையன்று” என்பதை நிறுவும் பாரம் பெரும்பாலும் எழுதியவர் தலையிலேயே விழும். அதற்குச் சாட்சி யார்? கடை மேசையில் இருவருமே இருந்திருப்பர்.

அதனினுங் கொடியது மற்றொன்று. பணமில்லை என அறிந்தும் காசோலை எழுதுதல் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். அபராதமும் சிறையும் விதிக்கப்படலாம். கொடுத்த காசோலை நிறைவேறாதிருக்கும் நோக்குடன் வங்கிக்கு நிறுத்தக் கட்டளை கொடுத்தலும் அவ்வாறே. வெற்றுக் காசோலை கொடுத்தவர் வெள்ளத்தினால் நெல் அழிந்து கடன் கட்ட இயலாதபோது, கடனாளியாக மாத்திரமன்றிக் குற்றஞ் சாட்டப்பட்டவராகவும் பொலிஸ் நிலையத்திற்கு அழைக்கப்படலாம். கடனுக்கு எழுத்து வேண்டுமாயின் பொருளின் விபரம், தொகை, கொடுக்குந் திகதி ஆகியவற்றை எழுதி இருவருங் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுக. ஏற்கெனவே வெற்றுக் காசோலை கொடுத்திருப்பின், கடன் தீர்ந்த அன்றே அதனைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுக; நாளை தருகிறேன் என்பதை ஏற்க வேண்டாம்.

பிற்திகதியிட்ட காசோலையும் இதற்கு அயலதே. கார்த்திகையில் விதைப்பு முடிந்த கையோடு “மாசி 15” எனத் திகதியிட்டுக் காசோலை கொடுப்பவர், மார்கழி மழையையும் தை மாத வெயிலையும் நெல்லின் விலையையும் தாமே தீர்மானித்தவர் போலாகின்றார். அறுவடை பிந்தலாம்; வியாபாரி பணங் கொடுக்கப் பிந்தலாம். வேறு வழியில்லையாயின், அறுவடை நடக்கும் என எண்ணும் நாளிலிருந்து ஒரு மாதமேனும் பிந்திய திகதியை இடுக. அத்திகதியைச் சுவர்க் கலண்டரிற் சிவப்பு மையினாற் குறித்து, பணம் போதாதெனக் கண்டால் திகதிக்கு முன்னரே கடைக்காரரிடஞ் சென்று பேசுக. முன்னே சென்று பேசியவருக்குத் தவணை கொடுத்த கடைக்காரர் பலரை யான் அறிவேன். காசோலை திரும்பிய பின் பேச்சுக்கு மதிப்பில்லை.

கணக்குக் கொப்பி

நாற்பது பக்கக் கொப்பியொன்று போதும். திகதி, விபரம், காசோலை இலக்கம், வரவு, செலவு, மீதி என ஆறு நிரல்கள் கீறுக. காசோலை எழுதிய அன்றே அடிக்கட்டையிலும் கொப்பியிலும் பதிந்து, மீதியைக் குறைக்க வேண்டும். கொடுத்த காசோலையைப் பெற்றவர் இன்னும் வங்கியில் இடவில்லை என்பதற்காக அப்பணம் உமதாகாது. ஆறு மாதம்வரை அவர் அதனை இடலாம். அதன் பின்னரே அது காலாவதியான காசோலையாகக் கொள்ளப்படும்.

பிறர் தந்த காசோலையை இட்டால், வரவு நிரலிற் பென்சிலால் எழுதுக. அது நிறைவேறியது உறுதியானதும் மையினால் எழுதி மீதியிற் சேர்க்கவும். பொதுவாக அடுத்த வேலை நாளிலே முடிவு தெரியும். ஆயினும் வங்கியிற் கேட்டு உறுதிப்படுத்தாது அப்பணத்தின்மேற் காசோலை எழுத வேண்டாம். முன் கூறிய கமக்காரர் பென்சிலால் எழுதியிருப்பின், மீதி 24,000 ரூபா என்றே கொப்பி காட்டியிருக்கும்.

மாதந்தோறும் வங்கி தருங் கணக்குக் கூற்றைக் கொப்பியோடு ஒப்பிடுதல் வேண்டும். இரண்டும் பெரும்பாலும் ஒத்திரா. அதனாற் திகைக்க வேண்டியதில்லை. உதாரணமாக, கூற்றின்படி மீதி 61,400 ரூபா. கொப்பியின்படி 49,400 ரூபா. ஒவ்வொரு பதிவாகச் சரியடையாளமிட்டுச் சென்றால், இயந்திரக்காரருக்குக் கொடுத்த 12,500 ரூபாக் காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை என்பது தெரியவரும். அதனைக் கழித்தால் 48,900. கொப்பியில் எழுதாத வங்கிக் கட்டணம் 500 ரூபா கூற்றில் இருக்கும். அதனைக் கொப்பியிற் கழித்தாலும் 48,900. இப்போது இரண்டும் ஒத்தன. ஒவ்வாதாயின் வங்கி உத்தியோகத்தரைக் காண்க. கணக்கில் நடப்பவற்றைத் தொலைபேசிக்குச் செய்தியாக அனுப்பும் வசதியையும் பெற்றுக்கொள்க. ஆனால் இரகசிய இலக்கத்தைக் கேட்டு அழைக்கும் எவருக்கும், வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறினும், அதனைச் சொல்லலாகாது.

கணக்கில் உள்ளதற்கு மேலாகப் பணமெடுக்க வங்கி இணங்குவது மேலதிகப்பற்று எனப்படும். எடுத்த தொகைக்கு நாட்கணக்கில் வட்டி ஏறும். ஒரு கிழமைத் தட்டுப்பாட்டைக் கடக்க இது உதவும். ஒரு போகச் செலவு முழுவதையும் இதன்மேற் சுமத்துதல் தவறு. அதற்குப் பயிர்ச்செய்கைக் கடனே உரியது. அதனை விதைப்புக்கு முன்னரே கேட்டல் வேண்டும்.

உமக்குத் தந்த காசோலை திரும்பினால்

வங்கி தரும் மறுப்பு அறிவித்தலைப் பத்திரப்படுத்துக. அதிலே காரணம் எழுதப்பட்டிருக்கும். கையொப்பம் ஒவ்வாமை, திகதிப் பிழை போன்றவையாயிற் புதிய காசோலை வாங்கினாற் போதும். பணமின்மையாயின் அன்றே வியாபாரிக்கு எழுத்தில் அறிவித்து, பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்க. அடுத்த முறை வாய்மொழித் தவணைக்கு இணங்கி மற்றுமொரு காசோலையை வாங்குவதிலும், அடுத்த வண்டி நெல்லை ஏற்றுமுன் காசு கேட்பது மேல். தொகை பெரிதாயின் காலங் கடத்தாது சட்டத்தரணியொருவரைக் காணுதல் வேண்டும். பெருந்தொகைக் காசோலையாயின், நெல்லை ஏற்றுமுன்னரே அதனை வங்கியிலிட்டு நிறைவேறும்வரை மூட்டைகளை வீட்டிலேயே வைத்திருப்பதில் வெட்கமில்லை. நல்ல வியாபாரி இதற்குக் கோபிக்கமாட்டார்.

காசோலைப் புத்தகம் தொலைந்தாலோ, ஓரிதழேனும் காணாமற் போனாலோ, இலக்கத்தைக் குறிப்பிட்டு வங்கிக்கு உடனே அறிவித்துப் பொலிசிலும் முறையிடுக. புதிய புத்தகத்தை வாங்கும்போது வங்கியிலேயே இருந்து இதழ்களை எண்ணிப் பார்க்கவும். நடுவில் ஓரிதழ் குறைந்திருப்பது வீட்டுக்கு வந்த பின் தெரிந்தால் நிறுவுதல் அரிது.

கணக்கு வேண்டாமெனில் அதனைப் பணமின்றி அப்படியே விட்டுவிடுதல் கூடாது. மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். கொடுத்த காசோலைகள் யாவும் நிறைவேறியனவா எனக் கொப்பியைப் பார்த்து, எஞ்சிய இதழ்களை வங்கியில் ஒப்படைத்து, எழுத்திற் கேட்டுக் கணக்கை மூடுக.